எழுதப்படாத சட்டம்: கிளாஸ்கோவின் உதைபந்தாட்டப் பகை நமக்குச் சொல்வது

(ஆசிரியர், வழக்கறிஞர், வைத்தியர், கமக்காரர் ஆகியோர் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் வாசகம்)



உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு இந்த மேடைதானா கிடைத்தது என்று சிலர் எண்ணக்கூடும். மொழி, காணி, கல்வி, தொழில் என்று பேசவேண்டியவை மலையெனக் குவிந்திருக்கையில், இருபத்திரண்டு பேர் ஒரு பந்தைத் துரத்தும் ஆட்டத்தில் என்ன அரசியல் இருக்கிறது என்று கேட்பது நியாயமே. எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. ஒரு சமுதாயம் தன் உள்ளத்தில் மறைத்து வைத்திருப்பதைப் பாராளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் சொல்லக் கூசும். விளையாட்டரங்கிலோ அதனைப் பல்லாயிரம் குரல்கள் சேர்ந்து பாடிவிடும். ஆகவே ஒரு நாட்டின் உண்மையான மனநிலையை அறிய விரும்புவோர், அதன் அரசியற் சட்டத்தைப் படிப்பதோடு அதன் விளையாட்டரங்கிலும் சற்றுச் செவிசாய்த்தல் வேண்டும்.

இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஸ்கொத்லாந்து, அயர்லாந்து என்னும் இரு அயல்நாடுகளையும், அவற்றிடையே அகப்பட்டுக்கொண்ட கிளாஸ்கோ நகரத்துக் கத்தோலிக்க மக்களையும் பற்றிய வரலாறு. தொலைவிலுள்ளோர் கதைதான். ஆனால் அதன் முடிவில் நம் நாட்டு மலைகளும் தோன்றும்.

இரு வீரர்கள்

2014ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி, ஐரோப்பியக் கிண்ணத்துக்கான தகுதிகாண் ஆட்டமொன்றில் ஸ்கொத்லாந்தும் அயர்லாந்துக் குடியரசும் கிளாஸ்கோவில் மோதின. ஸ்கொத்லாந்து ஒரு கோலால் வென்றது. அந்தக் கோலை அடித்தவர் ஷோன் மலோனி. அவர் பிறந்தது மலேசியாவில், மிரி என்னும் ஊரில். அவரை ஸ்கொத்லாந்து மக்கள் தம் மைந்தனென்று தலைமேற் கொண்டாடினர். அது சரியே, பிறந்த இடம் ஒருவனை அந்நியனாக்கிவிடாது.

எதிரணியில் ஆடியவர்களுள் ஒருவர் எய்டன் மெக்கீடி. அவர் பிறந்தது கிளாஸ்கோவை அடுத்த பெய்ஸ்லியில், வளர்ந்ததும் அப்பகுதியிலேதான். தம் முன்னோர் நாடாகிய அயர்லாந்துக்காக ஆட அவர் விரும்பினார். உலக உதைபந்தாட்டச் சங்கத்தின் விதி அதற்கு இடமளிக்கிறது. ஆயினும் பந்து அவர் காலுக்கு வந்தபோதெல்லாம் அரங்கு கூச்சலிட்டது. இவ்விருவரும் ஒரு காலத்தில் ஒரே கழகத்துக்கு ஆடியவர்கள். அன்றைய ஆட்டம் நடந்ததும் அக்கழகத்தின் மைதானத்திலேதான். கடல்கடந்து பிறந்தவர் மைந்தனாகவும், அடுத்த தெருவிற் பிறந்தவர் துரோகியாகவும் காணப்பட்டது எவ்வாறு?

‘எங்கள் மண்ணில் வளர்ந்தவன் எதிரணிக்கு ஆடுகிறானே என்ற ஆதங்கந்தான் அது’ என்று சொல்வோர் உளர். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். கூச்சலிட்ட அனைவரையும் மதவெறியர் என்று நாம் கூறவில்லை. அயல்நாடுகளுக்கிடையே ஆட்டப் போட்டி இயல்பானது. உலகின் முதலாவது நாடளாவிய உதைபந்தாட்டம் 1872 நவம்பர் 30ஆம் திகதி ஸ்கொத்லாந்துக்கும் இங்கிலாந்துக்குமிடையேதான் நடந்தது. 1977இல் இலண்டன் வெம்ப்ளி அரங்கில் வென்ற களிப்பில் ஸ்கொத்லாந்து ஆதரவாளர் மைதானத்திற் புகுந்து புற்றரையைப் பெயர்த்தனர், கோற்கம்பங்களை முறித்தனர். அது குறும்பு, வரம்பு மீறிய குறும்பு. ஆனால் ஸ்கொத்லாந்தில் வாழும் ஆங்கிலேயரின் பேரனைப் பார்த்து, ‘உன் வேதம் வேறு, உன் பாட்டன் பசியால் இங்கு வந்தவன், திரும்பிப் போ’ என்று அரங்கு முழுவதும் பாடும் வழக்கம் அந்தப் போட்டியில் எழவில்லை. அயர்லாந்து வமிசத்தினர் விடயத்திலோ எழுந்தது. போட்டிக்கும் பகைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

காணியில் தொடங்கிய பகை

இந்தப் பகை பந்தினாற் பிறந்ததன்று. காணியினாற் பிறந்தது. 1609ஆம் ஆண்டு தொடக்கம், அயர்லாந்தின் வடபாகமாகிய அல்ஸ்ரரில், உள்ளூர்க் கத்தோலிக்க மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட காணிகளில், ஸ்கொத்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கொண்டுவரப்பட்ட புரொட்டஸ்தாந்துக் குடிகள் அரசாங்கத் திட்டத்தின்படி அமர்த்தப்பட்டனர். அரசாங்கக் குடியேற்றத் திட்டம் என்றால் என்னவென்று இந்த அவைக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

1690இல் பொயின் ஆற்றங்கரையில் புரொட்டஸ்தாந்து அரசனாகிய மூன்றாம் வில்லியம், கத்தோலிக்க அரசனாகிய இரண்டாம் ஜேம்ஸை முறியடித்தான். அதனைத் தொடர்ந்து வந்த சட்டங்களில் 1704ஆம் ஆண்டின் சட்டம் கமக்காரர் கவனிக்கத்தக்கது. கத்தோலிக்கன் காணியை விலைக்கு வாங்கலாகாது. 31 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகையும் எடுக்கலாகாது. அவன் இறந்தால் அவனுடைய காணி ஆண்பிள்ளைகள் அனைவருக்கும் துண்டாடப்படவேண்டும். மூத்தவன் மதம் மாறிவிட்டால் முழுவதும் அவனுக்கே சேரும். தலைமுறைக்குத் தலைமுறை காணி பரப்புக் கணக்கிற் சிறுத்துக்கொண்டே போனால் ஒரு குடும்பத்தின் கதி என்னாகும் என்பதை இங்கு அமர்ந்திருக்கும் கமக்காரரைவிட அறிந்தவர் எவர்?

சட்டங்கள் பின்னர் தளர்ந்தன. 1829இல் கத்தோலிக்கருக்குப் பாராளுமன்றக் கதவும் திறந்தது. ஆனால் காணி திரும்பவில்லை. சிறு துண்டு நிலத்தில் ஒரு குடும்பத்தைப் பிழைக்கவைக்கக்கூடிய பயிர் உருளைக்கிழங்கு ஒன்றே என்ற நிலையில், 1845இல் இலையையும் கிழங்கையும் ஒருசேர அழுகச்செய்யும் நோய் வந்தது. 1852 வரையில் நீடித்த அப்பஞ்சத்தில் ஏறக்குறையப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். ஏறக்குறைய அத்தனை பேர் நாட்டை விட்டகன்றனர். மக்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்த அதே நாட்களில், அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தன.

அகன்றவர்களுட் பலர் அண்மையிலுள்ள கிளாஸ்கோ துறைமுகத்தில் இறங்கினர். 1851ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி ஸ்கொத்லாந்தில் வாழ்ந்த அயர்லாந்திற் பிறந்தோர் தொகை ஏறக்குறைய 2 இலட்சத்து 7 ஆயிரம். மொத்தக் குடிசனத்தில் நூற்றுக்கு 7 பேர். சுரங்கத்திலும், பஞ்சாலையிலும், புகையிரதப் பாதை வெட்டுவதிலும் கிடைத்த கூலிக்கு அவர்கள் உழைத்தனர். கூலியைக் குறைக்க வந்தவர்கள் என்றும், நோயைக் கொண்டுவந்தவர்கள் என்றும், பாப்பரசரின் ஒற்றர்கள் என்றும் பழிக்கப்பட்டனர்.

பஞ்ச காலத்தில் அவ்வாறு வந்த குடும்பங்களுள் ஒன்றின் பெயர் நம் நாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் வழங்குவது. அல்ஸ்ரரின் பெர்மனா மாவட்டத்திலிருந்து கிளாஸ்கோவுக்கு வந்த பெற்றோருக்குப் பிறந்தவர்தாம் தோமஸ் லிப்ரன். சிறு பலசரக்குக் கடையில் தொடங்கி, 1890இல் இலங்கை மலைநாட்டில் தேயிலைத் தோட்டங்களை வாங்கியவர். ஆர்ஜென்ரீனா, உருகுவே என்னும் அயல்நாடுகள் உதைபந்தாடுவதற்கு 1905இல் ஒரு கிண்ணத்தை வழங்கியவரும் அவரே. அவருடைய குடும்பம் ஸ்கொத்திய வழிவந்த புரொட்டஸ்தாந்துக் குடும்பம். அத்தகைய குடும்பங்கள் கிளாஸ்கோவின் வாழ்வில் விரைவிற் கலந்துவிட்டன. கத்தோலிக்கருடைய பிள்ளைகளோ, அதே கடலைக் கடந்து அதே சேரியிற் குடியிருந்தும், நான்காந் தலைமுறையிலும் ‘அயர்லாந்துக்காரர்’ என்றே அழைக்கப்பட்டனர். குடிபெயர்ந்தமை குற்றமன்று, மதமே குற்றம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

பந்து பிரிந்த விதம்

ஒதுக்கப்பட்டவர் தமக்கென ஓரிடந் தேடுவது இயற்கை. 1875இல் எடின்பரோவின் அயர்லாந்துக் கத்தோலிக்கர் ஹைபேர்னியன் என்ற கழகத்தை அமைத்தனர். 1887இல் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் மரிஸ்ற் சபைத் துறவியாகிய சகோதரர் வோல்ஃபிரிட் செல்ற்றிக் என்ற கழகத்தை நிறுவினார். அதன் முதல் நோக்கம் கிண்ணம் வெல்வதன்று. ஏழைப் பிள்ளைகளின் மதிய உணவுக்குப் பணந் திரட்டுவது. 1888 மே 28ஆம் திகதி செல்ற்றிக் தன் முதலாவது ஆட்டத்தில் றேஞ்சர்ஸ் கழகத்தைச் சந்தித்து 5க்கு 2 என்ற கணக்கில் வென்றது. ஆட்டம் முடிந்ததும் இரு சாராரும் ஒன்றாக அமர்ந்து விருந்துண்டனர். ஆம், பிற்காலத்தில் உலகறிந்த பகையாகிய அந்தப் பகை விருந்தோடுதான் தொடங்கிற்று. ஆகவே, ‘இது இரத்தத்தில் ஊறியது, மாற்ற இயலாது’ என்று சொல்வோரை நம்பவேண்டாம்.

பகையை வளர்த்தது தொழிற்சாலை வாயில். கப்பல் கட்டும் தளங்களிலும் பொறித் தொழிலகங்களிலும் நல்ல வேலைகள் மேற்பார்வையாளர் கையில் இருந்தன. அவர்கள் வேலை கேட்டு வந்தவனிடம் மதத்தைக் கேட்பதில்லை. ‘எந்தப் பள்ளிக்கூடத்திற் படித்தாய்?’ என்று மட்டுமே கேட்பார்கள். பள்ளியின் பெயரில் ‘புனித’ என்ற சொல் வந்தால் வேலை இல்லை. குற்றமற்றதாகத் தோன்றும் ஒரு சிறு வினாவால் ஒருவனுடைய பிறப்பை அளந்துவிடும் கலை நம் ஊர்களுக்கும் புதிதன்று.

பெல்பாஸ்ற் நகரத்துக் கப்பல் கட்டும் நிறுவனமாகிய ஹார்லண்ட் அன்ட் வூல்ஃப் 1912இல் கிளாஸ்கோவின் கோவன் பகுதியிலும் தளம் அமைத்தது. றேஞ்சர்ஸ் கழகத்தின் அரங்கு அருகிலேதான். தளத்தோடு அல்ஸ்ரர்த் தொழிலாளரும் அவர்தம் பழம்பகையும் வந்து சேர்ந்தன. அக்கால அளவில் றேஞ்சர்ஸ் கழகத்தில் ஒரு வழக்கம் வேரூன்றிற்று: கத்தோலிக்கனை அணியிற் சேர்ப்பதில்லை. இதனை எந்த ஏட்டிலும் எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஏழு தசாப்தங்களுக்கு மேலாக அது நிலவிற்று. எழுதப்பட்ட சட்டத்தை எதிர்த்து வழக்காடலாம், பாராளுமன்றத்தில் திருத்தலாம். எழுதப்படாத சட்டத்தை எங்கே போய்த் திருத்துவது? ‘அப்படியொரு விதியே இல்லையே’ என்று கைவிரிப்பார்கள். அதுவே அதன் பலம்.

தேவாலயமும் இதற்குத் துணைபோயிற்று. 1923இல் ஸ்கொத்லாந்துத் திருச்சபையின் பேரவைக்கு ஓர் அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டது. ஸ்கொத்லாந்தின் தேசியத்துக்கு அயர்லாந்து இனத்தால் நேரும் ஆபத்து என்பது அதன் பொருள். அயர்லாந்துக் கத்தோலிக்கரின் வருகையைத் தடுக்கவேண்டும் என்று வாதாடிய அவ்வறிக்கை, அயர்லாந்திலிருந்து வந்த புரொட்டஸ்தாந்தரைப் பற்றித் தனக்கு முறைப்பாடில்லை, அவர்கள் நம் இனத்தவர், நம் மதத்தவர் என்றும் சொல்லிற்று. கற்றறிந்த போதகர்கள் அமைதியாக மேசையில் அமர்ந்து தீட்டியதை, அரங்கில் நின்ற எளிய தொழிலாளி உரக்கப் பாடினான். குற்றத்தைப் பங்கிடும்போது பாடியவனுக்கு மட்டும் முழுப்பங்கையும் கொடுத்துவிடலாகாது. அத்திருச்சபை 2002ஆம் ஆண்டில் அவ்வறிக்கைக்காக வருத்தந் தெரிவித்தது. 79 ஆண்டுகள் கழித்து.

பகை தன் பிள்ளையையும் தின்னும்

இத்தகைய பகை எதிரியை மட்டும் தாக்கும் என்று எண்ணுவோருக்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறோம். பெல்பாஸ்ற் நகரில், பெல்பாஸ்ற் செல்ற்றிக் என்ற கழகம் இருந்தது. அதன் ஆதரவாளர் பெரும்பாலும் கத்தோலிக்கர். ஆனால் அணியில் இரு மதத்தாருக்கும் இடமுண்டு. 1948 டிசம்பர் 27ஆம் திகதி வின்ட்சர் பார்க் அரங்கில் அது லின்ஃபீல்ட் கழகத்தோடு ஆடிற்று. ஆட்டம் சமநிலையில் முடிந்ததும் எதிரணி ஆதரவாளர் கூட்டமாக மைதானத்திற் பாய்ந்து, பெல்பாஸ்ற் செல்ற்றிக் வீரராகிய ஜிம்மி ஜோன்ஸ் என்பவரைத் தாக்கி அவருடைய காலை முறித்தனர். அந்த ஜிம்மி ஜோன்ஸ் யார்? அவரும் ஒரு புரொட்டஸ்தாந்தரே! அந்தப் பருவத்தின் முடிவில், 1949இல், பெல்பாஸ்ற் செல்ற்றிக் போட்டிகளிலிருந்து விலகிற்று. பின்னர் திரும்பவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வீசிய கல் யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள்.

கதவைத் திறந்து வைத்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பாருங்கள். கிளாஸ்கோவின் செல்ற்றிக் கழகம் புரொட்டஸ்தாந்தருக்குத் தன் கதவை அடைத்ததில்லை. 1965இல் அது தன் பயிற்றுநராக நியமித்த ஜொக் ஸ்ரைன் ஒரு புரொட்டஸ்தாந்தர். அவர் உருவாக்கிய இரு மதத்தாரும் கலந்த அணி 1967 மே 25ஆம் திகதி லிஸ்பன் நகரில் இத்தாலியின் இன்ரர் மிலான் அணியை 2க்கு 1 என வென்று, ஐரோப்பியக் கிண்ணத்தைப் பிரித்தானியாவுக்கு முதன்முதலிற் கொண்டுவந்தது. அவ்வணியின் பதினொருவரும் கிளாஸ்கோவிலிருந்து ஏறக்குறைய 30 மைல் வட்டத்துக்குள் பிறந்தவர்கள். திறமைக்கு மதமில்லை என்பதை அதைவிட எளிதாக விளக்க முடியாது.

கதவு திறந்த வரலாறு

நிலைமை மாறவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். மாறியது, மாறிய விதமே நமக்குப் பாடம். 1918ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், கத்தோலிக்கப் பாடசாலைகளை, அவற்றின் சமயத் தன்மை குன்றாதபடி, அரசாங்கச் செலவில் நடக்கச் செய்தது. சுரங்கத் தொழிலாளியின் பேரப்பிள்ளை ஆசிரியரானான், வைத்தியரானான், வழக்கறிஞரானான். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பழைய கப்பற்றளங்கள் நலிந்தன. அரசாங்க சேவைகளும் வெளிநாட்டு நிறுவனங்களும் பெருகின. மேற்பார்வையாளரின் ‘எந்தப் பள்ளிக்கூடம்?’ என்ற வினா வலுவிழந்தது. உபதேசத்தால் மட்டும் வந்த மாற்றமன்று இது. கல்வியும் தொழிலும் வந்த பின்னரே மரியாதையும் வந்தது.

விளையாட்டரங்கு மட்டும் பின்தங்கி நின்றது. 1971 ஜனவரி 2ஆம் திகதி றேஞ்சர்ஸின் ஐபிரொக்ஸ் அரங்கில் இரு கழகங்களும் ஆடிய ஆட்டத்தின் முடிவில் படிக்கட்டில் நெரிசலுண்டாகி 66 பேர் மாண்டனர். மாண்டவர் குடும்பங்களுக்கு நிதி திரட்டுவதற்காக றேஞ்சர்ஸ் வீரரும் செல்ற்றிக் வீரரும் ஒரே அணியாக நின்று ஸ்கொத்லாந்து அணியோடு ஆடினர். மரணம் ஒன்றாக்கியவர்களை வாழ்க்கை மீண்டும் பிரித்தது. அவ்வாண்டிலும், அதற்குப் பின்னர் 18 ஆண்டுகளும் அந்த எழுதப்படாத சட்டம் அப்படியே கிடந்தது.

1989 ஜூலையில் றேஞ்சர்ஸ் பயிற்றுநர் கிரேயம் சூனஸ், மோரிஸ் ஜோன்ஸ்ரன் என்ற கத்தோலிக்க வீரரை அணியிற் சேர்த்தார். சில ஆதரவாளர் தம் கழகத்தின் நிறந்தாங்கிய கழுத்துத் துண்டுகளைத் தெருவிற் போட்டு எரித்தனர். மறுபக்கத்திலோ, தம் பழைய வீரராகிய அவரைச் செல்ற்றிக் ஆதரவாளர் யூதாசென்று தூற்றினர். அவ்வாண்டு நவம்பர் 4ஆம் திகதி செல்ற்றிக்கை எதிர்த்து ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் வெற்றிக் கோலை அடித்தவர் அந்த ஜோன்ஸ்ரனே. ஐபிரொக்ஸ் அரங்கு அன்று ஒரு கத்தோலிக்கனுக்காக ஆர்ப்பரித்தது. பத்தாண்டுகள் கழியுமுன்னரே லொறென்சோ அமொறுசோ என்ற இத்தாலியக் கத்தோலிக்கர் அக்கழகத்தின் தலைவரானார். வானம் இடிந்து விழவில்லை. பெரிய சட்டசபைகள் செய்யாததை ஒருவருடைய உறுதியான கையொப்பம் செய்தது.

‘வெறும் விளையாட்டு’

ஆயினும் எச்சம் நீங்கவில்லை. 1995 அக்டோபரில் செல்ற்றிக் ஆட்டமொன்றைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய 16 வயது மாணவன் ஒருவன் கிளாஸ்கோத் தெருவொன்றிற் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டான். அவன் செய்த குற்றம் செல்ற்றிக் ஆதரவாளனாக இருந்ததே. அவனுடைய தோழி ஒருத்தி தொடங்கிய இயக்கம் மதத்துவேஷத்துக்கெதிராகப் பாடசாலைகள் தோறும் பேசத் தலைப்பட்டது.

நீல் லெனன் என்பவர் வட அயர்லாந்தின் கத்தோலிக்க வீரர். தம் நாட்டுக்காகப் பல ஆண்டுகள் ஆடியவர். 2000ஆம் ஆண்டின் இறுதியில் அவர் செல்ற்றிக்கிற் சேர்ந்தார். அடுத்த சில மாதங்களில் அவருடைய சொந்த நாட்டு ஆதரவாளரே பெல்பாஸ்ற் அரங்கில் அவரைப் பழித்துக் கூச்சலிட்டனர். ஆளும் அதே ஆள். நாட்டுச் சட்டையும் அதே சட்டை. கழகம் மட்டுமே மாறியது. 2002 ஆகஸ்டில் அவர் அணித்தலைவராக ஆடவிருந்த நாளிற் கொலை மிரட்டல் வந்தது. அவர் நாட்டு அணியிலிருந்தே விலகினார். 2011இல், அவர் செல்ற்றிக்கின் பயிற்றுநராக இருந்தபோது, வெடிபொருள் என்று தோன்றும்படி செய்யப்பட்ட பொதிகள் அவருக்கு அனுப்பப்பட்டன. அனுப்பியவர் இருவர் சிறை சென்றனர்.

அரங்குகளிற் பாடப்பட்டுவந்த பாடல் ஒன்று, பஞ்சந் தீர்ந்துவிட்டமையால் அயர்லாந்து வமிசத்தினர் தாயகம் திரும்பவேண்டுமென்று ஏளனஞ் செய்வது. பத்து இலட்சம் பேர் பட்டினியால் மாண்டதை நகைச்சுவையாக்கும் பாடல் அது. ‘வெறும் கேலிதானே!’ என்றார்கள். 2009இல் ஸ்கொத்லாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம், அது இனத்துவேஷமே என்று தீர்த்தது.

அந்நாட்டில் ‘தொண்ணூறு நிமிட வெறியர்’ என்று ஒரு சொல் வழங்குகிறது. ஆட்டம் நடக்கும் தொண்ணூறு நிமிடத்துக்கு மட்டும் துவேஷம் பேசிவிட்டு, பின்னர் கத்தோலிக்க அயலவனோடு தேநீர் அருந்தும் நல்ல மனிதனைக் குறிப்பது அச்சொல். அந்த நல்ல மனிதன்தான் நாம் அஞ்சவேண்டியவன் என்று சொல்வோம். கத்தியெடுப்பவன் எங்கும் சிலனே. தான் தனியனல்லன் என்ற தைரியத்தை அவனுக்குக் கொடுப்பது, தொண்ணூறு நிமிடம் பாடிவிட்டு வீடு செல்லும் பல்லாயிரம் நல்லவர்களின் குரலே.

நேர்மையுடன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். செல்ற்றிக் ஆதரவாளருள்ளும் ஒரு சாரார் ஆயுதக் குழுவின் கொலைகளைப் போற்றிப் பாடியதுண்டு. இத்தகைய பாடல்களுக்காக ஐரோப்பிய உதைபந்தாட்ட ஒன்றியம் இரு கழகங்களுக்கும் தண்டம் விதித்துள்ளது. ஒடுக்கப்பட்டவன் பாடினாலும் துவேஷம் துவேஷமே. தனக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சொல்வதற்கு ஒருவனுக்கு உரிமை உண்டு. அந்த அநீதியையே அனுமதிப் பத்திரமாக்கி மற்றவன் பிணத்தின்மீது பாடுவதற்கு உரிமை இல்லை.

சட்டத்தால் தடுக்கவும் முயன்றனர். 2012இல் உதைபந்தாட்டத்தோடு தொடர்புடைய துவேஷ நடத்தையைத் தண்டிக்கும் சட்டம் ஸ்கொத்லாந்திற் கொண்டுவரப்பட்டது. ரசிகரை மட்டும் குற்றவாளியாக்குகிறது, எது குற்றம் என்பது தெளிவில்லை என்ற கண்டனங்கள் எழுந்தன. 2018இல் 62க்கு 60 என்ற வாக்குகளால் அச்சட்டம் நீக்கப்பட்டது. அரங்கில் எழும் ஒலியை அடக்கினாற் போதும் என்று எண்ணியதே அதன் குறை என்பது நம் கருத்து. இன்னும் கேளுங்கள்: 1701ஆம் ஆண்டின் சட்டப்படி பிரித்தானிய முடியை ஒரு கத்தோலிக்கர் அணிய முடியாது. கத்தோலிக்கரை மணந்தவருக்கு இருந்த தடை 2013ஆம் ஆண்டின் சட்டத்தால் நீங்கிற்று. முதற்றடை இன்றும் நிற்கிறது. உச்சியில் ஒரு தடையை வைத்துக்கொண்டு, அரங்கின் மலிவான ஆசனத்தில் இருப்பவனை மட்டும் திருத்த முயல்வது முழுமையான திருத்தமாகுமா?

மாற இயலாது என்போருக்கு அயர்லாந்துத் தீவிலேயே விடை உண்டு. 1921இல் டப்ளினில் தனிச் சங்கம் அமைந்தபின் உதைபந்தாட்டம் அத்தீவில் இரண்டாயிற்று. றக்பி ஆட்டத்திலோ வடக்கும் தெற்கும், கத்தோலிக்கரும் புரொட்டஸ்தாந்தரும் இன்றும் ஒரே அணியாக ஆடுகின்றனர். மண் ஒன்று, மக்கள் ஒன்று. ஒரு பந்து பிரிக்கிறது, மற்றொரு பந்து சேர்க்கிறது. ஆகவே குற்றம் பந்தினுடையதன்று.

நம் மலைகளும் நம் வீடுகளும்

லிப்ரன் வாங்கிய தோட்டங்களை மீண்டும் நினைவுகூர்வோம். அவற்றில் உழைத்தவர் யார்? தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து பஞ்சமும் கடனும் துரத்த, கடல்கடந்து வந்த தமிழ்க் குடும்பங்கள். கிளாஸ்கோத் துறையில் இறங்கிய அயர்லாந்துக் கூலியாளுக்கும், மன்னார்க் கரையில் இறங்கி மலைநாடு நோக்கி நடந்த தமிழ்க் கூலியாளுக்கும் என்ன வேறுபாடு? ஒன்று உண்டு. அயர்லாந்து வமிசத்தினரைத் திரும்பிப் போகச்சொன்னது பிற்காலத்து அரங்குப் பாடல். நம் நாட்டிலோ அதனைப் பாராளுமன்றமே சட்டமாக இயற்றிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கென ஒதுக்கிற்று. பேரன் பேத்தி கண்டவர்களை, தாம் கண்டிராத ஊருக்குப் போகச்சொன்னார்கள். எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று.

அக்கொடுமையைத் தமிழர் அனைவரும் ஒரே குரலில் எதிர்த்தார்களா? இல்லை என்பதே வரலாறு. அப்பிளவின் காரணமாகவே 1949இல் தமிழரசுக் கட்சி தோன்றிற்று. சட்டம் நீங்கிவிட்டது, சொல் நீங்கிற்றா? ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல் நம் வீட்டுத் திண்ணையிலும், கமத்துக்குக் கூலிக்கு ஆளெடுக்கும் இடத்திலும், கலியாணப் பேச்சிலும் இன்னும் கேட்கவில்லையா? ‘பகிடிக்குச் சொன்னது’ என்றுதான் நம்மவரும் சொல்லுவர். கிளாஸ்கோ அரங்கிற் பாடியவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

யாழ்ப்பாணத்திலே அயர்லாந்தின் பாதுகாவலருடைய பெயரைத் தாங்கி நிற்பது புனித பத்திரிசியார் கல்லூரி. அவருடைய பெயரைப் பள்ளிப்பெயராகச் சொன்னமைக்காகக் கிளாஸ்கோவில் வேலை மறுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இங்கோ அதே பெயரைச் சொல்வது பெருமை. ஒரே பெயர் ஓரிடத்தில் இழிவு, மற்றோரிடத்தில் மதிப்பு. இழிவு பெயரில் இல்லை, கேட்பவன் செவியில் இருக்கிறது என்பதற்கு இது போதும்.

அன்பர்களே, எழுதப்பட்ட அநீதியை எதிர்த்துப் போராடுவது நம் கடமை, அப்போராட்டம் தொடரும். எழுதப்படாத சட்டங்களோ நம் கையிலேயே உள்ளன. கழகத்துக்கு ஆள் சேர்க்கும் இளைஞனும், அலுவலகத்துக்கு ஆளெடுக்கும் அதிகாரியும், கமத்துக்கு ஆளழைக்கும் கமக்காரனும் அவற்றை இன்றே நீக்கலாம். அதற்குப் பாராளுமன்றத்தில் மூன்றிலிரண்டு பெரும்பான்மை வேண்டியதில்லை. நமக்கு நீதி கேட்டு நாளை கொழும்புக்குச் செல்லும் தூதுக்குழு, நம் ஊர்களில் அந்நீதி நடக்கிறது என்று கூசாமற் சொல்லக்கூடிய நிலையில் இருக்கவேண்டும். அந்நிலையை உண்டாக்கும் பொறுப்பு இங்கு அமர்ந்திருக்கும் ஒவ்வொருவருடையதும் ஆகும்.